பாக்ஸ் கட்டின மாப்பிள்ளைக்கு

ஆசாரி வேணாம், கடை பாக்ஸும் வேணாம்னு நீயே ரம்பத்தப் புடிச்சு ஸ்பீக்கர் பாக்ஸ் ரெண்டு கட்டிப்புட்டியாமே மாப்ளே. ஒங்காத்தா வந்து பொலம்பிட்டுப் போனா. எந் தங்கச்சி அரிசி மூட்டை வெச்சிருந்த எடத்துல இப்ப 12 இஞ்சு ஸ்பீக்கரு ஒக்காந்திருக்காம். சரி, அண்ணங்காரன் போயி என்னன்னு பாப்போம்னு வந்தேன். பாத்தாச்சு. நல்லாத்தான் இருக்கு. கறுப்புக் கார்ப்பெட் ஒட்டியிருக்க, மூலைக்கு மூலை இரும்புத் தகடு அடிச்சிருக்க, முன்னாடி வலை போட்டு ஓம் பேரையும் செவப்புப் பெயின்டுல எழுதியிருக்க. ஒயரு மட்டுந்தான் இன்னும் குடுக்கல. பேர எழுதிப்புட்டு ஒயர் குடுக்குற வரிசைய எந்த ஊர்ல படிச்சியோ, எனக்குத் தெரிஞ்ச ரேடியோ செட்டுக்காரன் ஒருத்தனுக்கும் அது தெரியாமப் போச்சு.

வலையக் கழட்டு. ஸ்பீக்கரையும் கழட்டு. மூஞ்சியச் சுளிக்காத, எழுதின பேரு எங்கயும் ஓடிறாது. பலகை என்ன பலகை? பிளைவுட்டா, இல்ல மரத்தூள அமுக்கி விக்கிறானே, அந்தப் பார்ட்டிகிள் போர்டா? வெல கம்மின்னு வாங்கிட்ட, அதானே. வீட்டுக்குள்ள டி.வி. பக்கத்துல வெக்கிற பாக்ஸுக்கு அது போதும். நம்ம பாக்ஸு முளைப்பாரிக்கு ராத்திரி பூராம் மண்ணுல நிக்கணும், மார்கழிப் பனியில நனையணும், டாட்டா ஏஸ்ல உருண்டு வரணும். ஒரு மழைக்கு அந்தப் போர்டு உப்பிரும், ஸ்க்ரூ போட்ட எடம் பொலபொலன்னு உதிந்துரும். 18 மில்லி பிளைவுட்டுன்னா பத்து வருசம் கேள்வி கேக்காது. தூக்குறவன் முதுகு கேக்கும். அது வேற கணக்கு. கட்டினது கட்டிட்ட. உள்பக்கம் பலகை சேர்ற எடம் பூராத்துக்கும் ஃபெவிகால்ல மரத்தூளக் கொழைச்சுப் பூசு. கார்ப்பெட் மறைச்சிரும்னு நெனச்சுத்தான் சந்த அப்படியே விட்டிருக்க. கண்ண மறைக்கும் மாப்ளே, காத்த மறைக்காது.

பாக்ஸ எதுக்குக் கட்டுறோம்னாவது தெரியுமா? ஸ்பீக்கர் காகிதம் முன்னாடி தள்ளுறப்ப முன்பக்கக் காத்து நெருங்குது. அதே நேரத்துல பின்பக்கம் காத்து வெலகுது. பாக்ஸு இல்லாட்டி முன்னாடி நெருங்கின காத்து சுத்திக்கிட்டுப் பின்னாடி ஓடி, ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுப்புட்டு சும்மா நிக்கும். சன்னச் சத்தம் தப்பிச்சு வந்துரும், பேஸ் வராது. வெறும் ஸ்பீக்கரத் தரையில போட்டுப் பாட்டுக் கேட்டா தகர டப்பா மாதிரி கீச்சுன்னு கேக்குறது அதனாலதான். அந்தப் பின்பக்கக் காத்தச் செறை வெக்கத்தான் இந்தப் பலகையெல்லாம். செறையில சந்து இருந்தா என்னாகும்னு நான் சொல்லணுமா?

இப்ப மீட்டர எடு. மல்டிமீட்டர் இல்லையா? ஸ்பீக்கருக்கு நாலாயிரம் குடுத்தவனுக்கு மீட்டருக்கு எரநூறு குடுக்க மனசு வரல. இந்தா, என்னோடது. ஓம்ல வெச்சு ஸ்பீக்கர் முனை ரெண்டுலயும் தொடு. 8 ஓம்னு முதுகுல எழுதியிருக்கு, மீட்டரு 6 காட்டுதா? ஒடனே சட்டைய மாட்டிக்கிட்டுக் கடைக்காரன்கிட்டச் சண்டைக்குக் கெளம்பாத. மீட்டரு சொல்றது சும்மா கெடக்குற கம்பியோட தடை. 8ங்கறது பாட்டு ஓடுறப்ப ஆம்ப்ளிஃபயர் பாக்குற தடை, அதுவும் சத்தத்துக்குச் சத்தம் மாறும், குத்துமதிப்பா 8. எட்டு ஓம் ஸ்பீக்கரு அஞ்சரைலருந்து ஆறரைக்குள்ள காட்டும், நாலு ஓம் மூணேகாலு மூணரை காட்டும். ஒண்ணுமே காட்டாம நின்னா காயில் அந்துருச்சு. சுழி காட்டுனா உள்ள ஒட்டிக்கிச்சு. அந்த ரெண்டுக்குந்தான் சட்டைய மாட்டு.

அடுத்து, சொவர்க் கடிகாரத்துலருந்து ஒரு பென்டார்ச் கட்டையக் கழட்டிட்டு வா. ஒண்ணரை வோல்ட்டு. ஸ்பீக்கரோட ரெண்டு முனையிலயும் முனைக்கு ஒரு துண்டு ஒயரா மாட்டி, கட்டையோட குமிழ்ப் பக்கத்தச் செவப்புப் புள்ளி வெச்ச முனைக்கும், தட்டைப் பக்கத்த இன்னொண்ணுக்கும் லேசாத் தொடு, ஒடனே எடு. குனிஞ்சு காகிதத்த ஓரத்துலருந்து பாரு. 'டப்'புன்னு ஒரு நூலு வெளிய வந்துச்சுல்ல? சரியான பக்கம். உள்ள இழுத்துச்சுன்னா புள்ளி தப்பான எடத்துல இருக்கு. செவப்புப் புள்ளிய வேதவாக்கா எடுத்துக்காத, பழைய ஜே.பி.எல். ஸ்பீக்கர்ல செவப்புக்கு பிளஸ் குடுத்தா காகிதம் உள்ளதான் போகும், அந்தக் கம்பெனி வழக்கம் அது. கட்டை சொல்றத நம்பு, அதுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாது. சன்னச் சத்தத்துக்கு மாட்டியிருக்கியே, அந்தச் சின்ன ட்வீட்டரு, அதுக்கு மட்டும் கட்டையக் கொண்டு போகாத, முடி மாதிரிக் காயிலு அது, பாவம்.

இத எதுக்குப் பாக்கச் சொல்றேன்னா, ஒரு பாக்ஸுல பேஸ் ஸ்பீக்கரு, அதான் வூஃபரு, ரெண்ட வெச்சு ஒண்ண நேராவும் ஒண்ணத் தலைகீழாவும் மாட்டுன மகராசங்க நம்ம பக்கத்துலயே உண்டு. ஒருத்தன் தள்ளுறான், இன்னொருத்தன் இழுக்குறான். பேஸ் காணாமப் போச்சு. அவங்க என்ன செஞ்சாங்க? ஆம்ப்ளிஃபயர்ல பேஸக் கடைசி வரைக்கும் திருக்குனாங்க. வரலைன்னு பெரிய ஆம்ப்ளிஃபயரா வாங்குனாங்க. ரெண்டு ஒயர மாத்தி மாட்டுறதுக்குப் பதிலா ஒரு பசு மாட்ட வித்தாங்க. நீ அப்படியெல்லாம் இல்ல மாப்ளே, ஒங்க வீட்டுல மாடே இல்ல.

இப்ப ஒயரு. ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கர வரிசையாக் கோத்தா 16 ஓம். பக்கத்துப் பக்கத்துல, செவப்போட செவப்பும் கறுப்போட கறுப்புமா சேத்தா 4 ஓம். நாலு ஸ்பீக்கர் இருந்தா ரெண்டு ரெண்டா வரிசையாக் கோத்து, அந்த ரெண்டு சோடியையும் பக்கமாச் சேத்தா திரும்ப 8. இம்புட்டுத்தான் கணக்கு, அஞ்சாப்பு பெயிலானவனும் போடலாம். ஆனா ஆம்ப்ளிஃபயர் முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிக்க மட்டும் எவனுக்கும் மனசு வராது. குறைஞ்சது 4 ஓம்னு எழுதியிருக்குறதுல போயி, 'சத்தம் கூட வரும்ணே'ன்னு நாலு பாக்ஸையும் ஒண்ணா முடிஞ்சு 2 ஓம் ஆக்குவான். கூடத்தான் வரும். பந்தியில மொத வரிசை ஒக்கார்ற வரைக்கும் வரும். அப்பறம் ட்ரான்சிஸ்டர் வறுத்த வாசம் வரும்.

ட்வீட்டர நேரா வூஃபரோட சேத்து முடியப் பாக்குறியே, அது எதுக்கு? அவன் தாங்க மாட்டான். நடுவுல ஒரு கண்டென்சர் போடணும். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டா சுமாரு 4200 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ள கனத்த சத்தமெல்லாம் படிப்படியா மெலிஞ்சு போகும், சன்னம் மட்டும் உள்ள போகும். 2.2 போட்டா 9000 வரைக்கும் மேல ஏறிரும், ட்வீட்டரு ரொம்ப நாளைக்கு வரும், ஆனா எலத்தாளம் மட்டுந்தான் கேக்கும். பிளஸ் மைனஸ் இல்லாத கண்டென்சராக் கேட்டு வாங்கு. கெடைக்கலைன்னா பிளஸ் மைனஸ் உள்ள 10 மைக்ரோ ரெண்டு வாங்கி, மைனஸோட மைனஸச் சேத்து வரிசையாப் போடு, 5 ஆயிரும். ரேடியோ சாமான் கடையில சல்லிசாக் கெடைக்கிறது இது. இதப் போடாம விட்டா ட்வீட்டருக்கு அழுவ.

அங்க என்ன, பாக்ஸ் முதுகுல வீட்டு கரண்டு பிளக்கு மாட்டியிருக்க? மூணு பின்னு? அடப் பாவி. 'கையில கெடந்துச்சு மாமா'ங்கிற. கையில கெடந்துச்சுதான். பாக்ஸ எடுத்து வெக்கிறவன் நீயாவே எப்பவும் இருக்க மாட்டியே. நாளைக்குப் பந்தல் போட வந்த பொடியன் பிளக்கப் பாப்பான், பக்கத்துல கரண்டுப் பெட்டியப் பாப்பான், உதவி செய்யலாமேன்னு சொருகிருவான். 230 வோல்ட்டுக்கு ஒம் பாக்ஸ் ஒரே ஒரு தடவதான் பாடும். அந்த ஒயரத் தொட்டுக்கிட்டு எவனாச்சும் நின்னா அவனுக்கும் அதான் கடைசிப் பாட்டு. கழட்டி எறி. திருகிப் பூட்டுற ஸ்பீக்கான்னு ஒரு கனெக்டர் விக்கிது, அது கரண்டுப் பெட்டியில நொழையாது. காசு இல்லைன்னா திருகு முனை வெச்சுக்க, அதுவும் நொழையாது.

ஒயரு சன்னமா இருக்கே. இது 23/76தானே? 30 மீட்டரு தள்ளிப் பாக்ஸ வெச்சா போக வர 60 மீட்டர் செம்பு, ஒண்ணரை ஓமு ஒயர்லயே இருக்கு. 4 ஓம் பாக்ஸுக்குப் போற 100 வாட்ஸுல கால் பங்குக்கு மேல ஒயரே தின்னுரும். வேப்பமரத்துல கட்டின ஒயருக்கு எதுக்குடா கச்சேரி? 40/76 போட்டா அந்த ஒண்ணரை 0.9க்கு எறங்கும். அதவிட ஆம்ப்ளிஃபயரப் பாக்ஸு பக்கத்துல கொண்டு போயி வெச்சா பாதிச் செலவு மிச்சம். நீ வெக்க மாட்ட, பொம்பளப் புள்ளைங்க ஒக்கார்ற பக்கத்துலதான ஆம்ப்ளிஃபயர் மேசை போடுவ.

நாங்க கொழாய் ரேடியோ கட்டின காலத்துல ஊருக்கு இந்தக் கோடியில ஆம்ப்ளிஃபயரு, அந்தக் கோடித் தென்னையில கொழாயி. எப்படிப் போச்சுன்னு கேளு. 100 வோல்ட்டு லைன். 250 வாட்ஸ 4 ஓம்ல அனுப்புனா 8 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டா ஏத்தி அனுப்புனா ரெண்டரை ஆம்பியர் போதும், சன்ன ஒயரே தாங்கும். ஒவ்வொரு கொழாய்க்கும் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் இருந்து எறக்கிக் குடுக்கும். இப்பக் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கே தடைன்னு போலீஸ் சொல்லுது, கொழாயெல்லாம் கோழி அடைக்கிற எடத்துல கெடக்கு. அத எதுக்குச் சொல்றேன்னா, என்னோட பழைய ஆம்ப்ளிஃபயரத்தான நீ கேக்கப் போற? அதோட முதுகுல காமன், 4, 8, 16, 100 வோல்ட்டுன்னு வரிசையா முனை இருக்கும். '100ன்னா பெருசு, அங்கயே குடுப்போம்'னு ஒனக்குத் தோணும், எனக்குத் தெரியும். 8 ஓம் பாக்ஸ அங்க மாட்டுனா அது 1250 வாட்ஸ் கேக்கும். கெழவன் ஆம்ப்ளிஃபயருக்கு ஏது அம்புட்டுத் தெம்பு? அதுவும் போயி ஓம் பாக்ஸும் போயி, ரெண்டு பேரும் பழனிக்கு நடக்க வேண்டியதுதான்.

சரி, மாட்டிட்டியா? ஒயரக் காகிதத்துல ஒரசாம உள்ள கிளிப்பு போட்டுக் கட்டினியா? இப்பப் பாட்டப் போட்ராத. செல்லு இருக்குல்ல, அதுல டோன் ஜெனரேட்டர்னு ஒண்ணு ஓசியில எறக்கு. கன்னியாகுமரி ரயில் டிக்கெட்டே எடுக்கத் தெரிஞ்சவனுக்கு இது தெரியாதா? சத்தத்தக் கொறைச்சு வெச்சு 100 ஹெர்ட்ஸுல ஆரம்பி. மெல்ல 90, 80ன்னு எறக்கிக்கிட்டே வா. இந்தக் கீழ் ஓட்டை எதுக்கு வெச்ச? 'எல்லாப் பாக்ஸுலயும் இருந்துச்சு மாமா.' நல்ல காரணம். பாக்ஸுக்குள்ள அடைபட்ட காத்தும் அந்த ஓட்டையில சொருகின கொழாயோட காத்தும் சேந்து ஒரு சுருதியில ஆடும். அந்தச் சுருதிப் பக்கத்துல, பின்பக்கச் சத்தத்தத் திருப்பி முன்பக்கத்துக்குத் தொணையா அனுப்பும். ஆல்பர்ட் துராஸ்னு ஒருத்தரு, அமெரிக்காவுல பெல் ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாத்தவரு, 1932லயே இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டாரு. 1961ல ஆஸ்திரேலியாவுல நெவில் தீல், அப்பறம் ரிச்சர்ட் ஸ்மால், ரெண்டு பேரும் எந்த ஸ்பீக்கருக்கு எம்புட்டுப் பாக்ஸு, எம்புட்டு நீளக் கொழாயின்னு கணக்காவே எழுதி வெச்சுட்டாங்க. ஓம் ஸ்பீக்கரு வந்த அட்டைப் பெட்டியில ஒரு தாளு இருந்துச்சே, எஃப்.எஸ்., வி.ஏ.எஸ்., க்யூ.டி.எஸ்.னு எழுத்தா இருந்துச்சே, அதுதான் அந்தக் கணக்குக்குச் சாவி. அதுல நீ வடை வெச்சுத் தின்ன.

போகட்டும். ஓம் பாக்ஸு உள்ளளவு சுமாரு 60 லிட்டரு. 4 இஞ்சு பி.வி.சி. கொழாயி 12 சென்டிமீட்டரு நீளத்துக்குப் போட்டா 45 ஹெர்ட்ஸு பக்கத்துல சுருதி சேரும். நீ எம்புட்டு வெட்டியிருக்கன்னு அளக்க வேணாம், பாக்ஸே சொல்லும். 60, 55ன்னு எறங்குறப்பக் காகிதம் நல்லா ஆடுதா? இன்னும் கொஞ்சம் எறக்கு. இப்பப் பாரு. ஆடிக்கிட்டிருந்த காகிதம் அடங்கி, அசையாத மாதிரி நிக்கிது. ஸ்பீக்கரு போச்சுன்னு பதறாத. கொழாய் வாயில ஒரு ஊதுபத்தியக் காட்டு. பொகை நேரா ஏறாம முன்னும் பின்னும் துடிக்கிதா? கையை வெச்சா காத்து வருதா? காகிதம் நின்னுக்கிட்டுக் கொழாயி ஊதுற அந்த நம்பருதான் ஓம் பாக்ஸோட சுருதி. செல்லுல என்ன காட்டுது? 52. அப்ப கொழாயக் குட்டையா வெட்டியிருக்க. நீளமாப் போட்டா எறங்கும். கொழாயி ஒண்ணும் பெரிய வெல இல்ல, போயி வாங்கிட்டு வா. சுருதிக்குக் கீழ ரொம்ப எறங்கி வெளையாடாத. அங்க காகிதத்தப் புடிச்சு நிறுத்த காத்து இருக்காது, கண்டபடி ஆடி காயிலு தட்டிரும்.

அதே பத்திய வெச்சு பாக்ஸச் சுத்தி வா. பலகை சேர்ற எடத்துல எங்கயாச்சும் பொகை வெட்டுனா அங்க காத்து ஒழுகுது. நான் சொன்ன மரத்தூள்ப் பூச்சு எதுக்குன்னு இப்ப வெளங்கும். பத்தியக் கார்ப்பெட்டுல வெச்சுறாத, நமக்கு வேணுங்கிறது பொகை மட்டுந்தான்.

திரும்ப 200லருந்து மெல்ல எறக்கு, கொஞ்சம் சத்தத்தக் கூட்டிக்க. எங்கயோ 'கிர்ர்'ருங்குதே. பாக்ஸான்னு பாக்குறதுக்கு முன்னாடி அடுப்பாங்கரையப் பாரு. ஒங்காத்தா பரண்ல அடுக்கின எவர்சில்வர்ப் பாத்திரம் பூராம் கூடப் பாடுது. பாக்ஸ வாசலுக்குத் தூக்கு. இன்னும் 'கிர்ர்'ருங்குதா? வலைய விரலால அமுக்கு. நின்னுருச்சா? வலைக்கும் பலகைக்கும் நடுவுல ஃபோம் துண்டு வெய்யி. நிக்கலையா? ஒவ்வொரு ஸ்க்ரூவா அமுக்கிப் பாரு, மூலைத் தகட்ட அமுக்கு. பெரும்பாலும் ஆரும் சந்தேகப்படாத எடம் பின்னாடி திருகு முனைதான். எல்லாம் அமுக்கியும் போகலைன்னா காயிலு ஒரசுது, கோன் மாத்துறவன்கிட்டக் கொண்டு போ.

ரெண்டு பாக்ஸையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரே பாட்டப் போடு. அப்பறம் ஒரு பாக்ஸுக்கு மட்டும் ஒயரத் தலைகீழா மாத்தி அதே பாட்டக் கேளு. எதுல பேஸ் நெறைஞ்சு வருதோ அதுதான் சரி, அதுல ஒரு அடையாளம் போட்டு வெய்யி.

வாட்ஸு பத்தி ஒண்ணு சொல்லணும். ஓம் பாக்ஸு முன்னாடி 1000 வாட்ஸ்னு எழுதப் போறியாம், டீக்கடையில சொன்னாங்க. முன்னாடி டேப் ரெக்கார்டர் அட்டையில பி.எம்.பி.ஓ.ன்னு போட்டு ஆயிரக்கணக்குல அடிச்சுவிட்டாங்க. அதே சாமானோட முதுகுல கரண்டு எடுக்குறது அம்பது வாட்ஸ்னு இருக்கும். அம்பது வாங்கி ஆயிரம் குடுக்குற வித்தை தெரிஞ்சா மின்சார வாரியமே ஒன்னைய மாப்பிள்ளை எடுக்கும். 100 வாட்ஸ 200 ஆக்குனா கூடுறது 3 டெசிபல், கவனிச்சுக் கேட்டாத்தான் தெரியும். ரெண்டு மடங்கு சத்தமாக் காதுக்குத் தோணணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். எழுதுறதுனா நெலையாக் குடுக்குற ஆர்.எம்.எஸ். வாட்ஸ எழுது, இல்லைன்னா சாமி பேர எழுது. அதுக்கு வாட்ஸ் கணக்கு ஆரும் கேக்க மாட்டாங்க.

ராத்திரி 10 மணிக்கு மேல காலையில 6 வரைக்கும் போடக் கூடாது. 2000ஆம் வருசத்து ஒலி மாசு விதி. திருவிழான்னா வருசத்துல 15 நாளைக்கு மிஞ்சாம 12 மணி வரைக்கும் அரசாங்கம் தளர்த்தலாம். ஓம் பொறந்த நாளு அதுல வராது. குடியிருக்குற எடத்துல பகல்ல 55 டெசிபல்னு இருக்கு. அந்த அளவுக்கு நம்மூர்ல பொம்பளைங்க தண்ணிக் குழாயிலயே தாண்டிருவாங்க.

கடைசிச் சோதனை பாட்டு இல்ல, பேச்சு. பாட்டு எப்படி வந்தாலும் ஆட ஆளு இருக்கு. மைக்க மாட்டி, ஆரையாவது மொய் நோட்டு வாசிக்கச் சொல்லு. நீ தெருக்கோடியில போயி நின்னு கேளு. பேஸு கூடி, நடுச் சத்தம் கொறைஞ்சிருந்தா மெய்யெழுத்து பூராம் அமுங்கிரும். 'ஐநூத்தி ஒண்ணு'ன்னு வாசிச்சது அங்க 'அம்பத்தி ஒண்ணு'ன்னு கேட்டுச்சுன்னு வெய்யி, எழுதின பங்காளி எலையிலருந்து எந்திரிச்சுருவான். ஒருத்தன் குடுத்த மொய் ஊருக்குக் கேக்காட்டி அவன் குடுத்தும் குடுக்காத கணக்கு. பேஸக் கொறை, மூவாயிரம் ஹெர்ட்ஸு பக்கம் கொஞ்சம் ஏத்து, பேரும் தொகையும் தெளிவா வர்ற வரைக்கும் திருக்கு.

அதுக்கும் ஒரு நல்ல எடம் பாத்து வெச்சிருக்கேன். வர்ற புதன்கிழமை எம் பேத்திக்குக் காதுகுத்து. ரெண்டு பாக்ஸையும் விடியக்காலமே கொண்டாந்து எறக்கிரு, ஒயரு நீயே கொண்டா, ஆம்ப்ளிஃபயரு நான் தர்றேன். வாடகைன்னு வாயத் தொறந்து கேட்டுறாத, சொந்தத்துக்குள்ள நல்லா இருக்காது. நீ எழுத வேண்டிய மொய்யில பாதியக் கழிச்சுக்கலாம். மிச்சப் பாதிய நீயே மைக்குல வாசிச்சுரு.